ஐஸ் பெட்டியில் வந்த கட்டி

தம்பி, அம்மா எழுதுகிறேன். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் 'நல்லா இருக்கேன்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது. நான் பத்து வரி திருப்பி அனுப்பினால் அதற்குப் பதில் கிடையாது. உன் ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். மங்களூர்ப் பக்கம் கடல் சீற்றம் என்று டிவியில் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. உன்னோடு போட்டில் வேலை பார்க்கிற பையன் எப்போதாவது போட்டோ அனுப்புகிறான். அதில் நீ இளைத்திருக்கிறாய். தாடி உனக்கு நன்றாக இல்லை, எடுத்துவிடு. இதையெல்லாம் நேரில் சொல்லித் திட்ட வேண்டியவள், இப்படி ஊர் பார்க்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் பார்க்க எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உன் அப்பாவின் கருமாதிப் பந்தலில், அத்தனை உறவும் உட்கார்ந்திருந்தபோது, உன் மேல் ஒரு பழி விழுந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது. அதை அடுப்படியில் உட்கார்ந்து உன் காதில் மட்டும் ரகசியமாகத் துடைத்துவிட்டால் போதாது. போன வாரம் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. நீ இத்தனை நாளாக வாயைத் திறக்காமல் வைத்திருந்த விஷயம். அதைச் சொல்லி உன்னை வீட்டுக்குக் கூப்பிடுவதற்குத்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படி, பாதியில் மூடிவைக்காதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, பிடிக்காத பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவாய்.

நம் வீட்டைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் மங்கலம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஆபரேஷனில் எடுக்கிற சதைத் துணுக்கு எங்களிடம் வரும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற மாதிரி தயார்செய்து டாக்டரம்மாவின் மேஜையில் வைப்பது என் வேலை. உன் அப்பா கடலூர்க் கடற்கரைக்காரர். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் கடை. காலை ரயிலில் நானும் சிதம்பரம் போவேன், அவரும் அங்குள்ள கடைகளுக்கு ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் ஏற்றிக்கொண்டு வருவார். பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் என் புடவையை நனைத்தது, நான் சண்டை போட்டேன், அப்புறம் கல்யாணம் பண்ணிக்கொண்டோம். இரண்டு வீட்டிலும் முகம் திருப்பிக்கொண்டார்கள். நீ பிறந்த பிறகு அவர்கள் முகம் தானாகத் திரும்பியது.

என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் உட்கார்ந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவோ நடக்காமல் போயிருக்கும். இப்போது சொல்கிறேன். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைக்கு ரத்தம் நின்றுவிடும். ரத்தம் நின்றதும் அதிலுள்ள செல்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொள்ள ஆரம்பிக்கும். வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். உள்ளே சுவர் இடிந்து, கூரை சரிந்து, யார் வீடு என்றே தெரியாதபடி ஆகிவிடும். அப்படி ஆகாமல், உடம்பில் இருந்தபோது எப்படி இருந்ததோ அதே நிலையில் பிடித்து நிறுத்துவதற்குத்தான் ஃபார்மலினில் போடுகிறோம். அதற்கப்புறம் சாராயத்தில் மாற்றி மாற்றி ஊறவைத்து உள்ளிருக்கும் தண்ணீரை இழுப்போம். தண்ணீர் இருந்த இடத்தில் உருக்கிய மெழுகை ஏற்றுவோம். மெழுகுக் கட்டியாக ஆனதும் இயந்திரத்தில் வைத்துச் சீவினால், வெங்காயச் சருகைவிட மெல்லியதாக ஒரு நாடா வரும். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, நீலமும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றி, மேலே இன்னொரு கண்ணாடியை ஒட்டினால் ஸ்லைடு தயார். அப்புறம் அது கெடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த ஸ்லைடுகளை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம்.

உன் அப்பா ஒருமுறை என்னைக் கூட்டிப்போக லேபுக்கு வந்தார். டாக்டரம்மா நல்ல மாதிரி, "வாங்க, ஒங்க வீட்டுக்காரம்மா செஞ்ச ஸ்லைடப் பாருங்க" என்று மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "யாருது இது?" என்று கேட்டார். பெயர் தெரியாது, நம்பர்தான் வரும் என்றேன். "அந்த ஆளு உசுரோட கீறாங்களா?" என்று கேட்டார். நான் இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதே கிடையாது. வீட்டுக்கு வந்ததும், "இன்னா இருந்தாலும் அந்த நாத்தத்துல போயி மனுச சதையப் போடறீங்களே" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாற்றம் அவருக்கு ஏன் ஆகாது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று ஒரு சமயம் டிவி முழுக்கப் பேச்சாகக் கிடந்தது. ஜனங்கள் மீன் கடைப் பக்கம் வருவதையே நிறுத்தினார்கள். எல்லாக் கடையும்தான் அடிவாங்கியது. உன் அப்பாவுக்கு மட்டும் அடி இரண்டு மடங்கு. மார்க்கெட்டில் யாரோ சும்மா இருக்காமல், "அவன் பொண்டாட்டி டிரம் டிரம்மா அத வெச்சிருக்கற எடத்துலதான வேல பாக்குது" என்று கிளப்பிவிட்டார்கள். தெரிந்த வாடிக்கைக்காரர்கள்கூடச் செவுளைத் தூக்கி மோந்து பார்த்தார்கள். அவர் ஒரு சங்கரா மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நடு மார்க்கெட்டில் நின்று கத்தினாராம்: "என் கடையில ஐஸும் உப்பும் தவர எதுனா இருந்துச்சின்னா இந்தக் கையை வெட்டிக்கறேன்டா." அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு சட்டம் போட்டார். நான் லேபிலிருந்து வந்ததும் புளியும் எலுமிச்சையும் போட்டுக் கை கழுவாமல் மீன் சட்டியைத் தொடக் கூடாது. நான் சிரித்தேன், கேலி செய்தேன். ஆனாலும் கழுவினேன். உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அத்தனையும் பேசினார். ஐஸை எப்படி உடைப்பது, எவ்வளவு கல் உப்புப் போட்டால் குளிர் இன்னும் ஏறும் என்பதெல்லாம் உன் கைக்கு வந்த பிறகு, அவர் பெட்டிப் பக்கமே போவதில்லை. நீ அடுக்கின பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

அப்புறம் அவர் கழுத்தின் இடப்பக்கம் அந்தக் கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. வலியில்லை என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். நான்தான் விரட்டி விரட்டிக் கடலூரில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம், அதை டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். எங்கே அனுப்புவது, எங்கள் லேபுக்கேதான். அன்று சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர். லேபில் பாதிப் பேர் லீவு, என்னால் லீவு எடுக்க முடியவில்லை. "ஒரு கட்டிக்கு எதுக்கு ரெண்டு பேரு? புள்ள இருக்கான், நீ போ" என்று உன் அப்பா அனுப்பிவைத்தார். கட்டியை எடுத்தாயிற்று, பாட்டிலில் போட்டுத் தந்துவிட்டார்கள், பஸ் ஏறப்போகிறேன் என்று மத்தியானத்துக்கு முன்னால் நீ போன் பண்ணினாய். சீக்கிரம் வாடா என்றேன். மூடியைத் திறக்காதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்கள் உலகத்தில் யாரும் திறக்க மாட்டார்கள்.

தேர் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வெயிலில் நீ அங்கிருந்து ஓடியே வந்தாய். தோளில் மீன் பெட்டி. தெர்மாகோல் பெட்டியைச் சுற்றி நம் கடை டேப். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க, "இந்தாம்மா" என்று என் மேஜை மேல் வைத்தாய். உன் முகத்தில் அப்போது ஒரு பெருமை இருந்தது, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் திறந்தேன். உடைத்த ஐஸ், கல் உப்பு, அதற்கு நடுவில் மூடியில்லாத பாட்டில். அதில் ஒரு சொட்டு ஃபார்மலின் இல்லை. உப்புத் தண்ணீரில் உன் அப்பாவின் சதை, ஒரு பக்கம் கல்லாக உறைந்து, மறுபக்கம் வெளுத்துக் கிடந்தது.

நான் கத்தியது லேப் முழுக்கக் கேட்டது. "இது என்ன மீனாடா?" என்று கேட்டேன். "படிச்ச பையன்தானே நீ, ஒரு போன் பண்ணிக் கேட்க மாட்டியா?" என்று கேட்டேன். நீ அந்தப் பெட்டியைப் பார்த்தபடியே நின்றாய். "நான்தாம்மா ஊத்துனேன். ஐஸ்ல வெச்சா நல்லா இருக்கும்னு நெனச்சேன்." அவ்வளவுதான் சொன்னாய். எனக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். மற்றவர்களுடைய சதையை எத்தனையோ ஆயிரம் பத்திரப்படுத்தியவள் நான். என் வீட்டு ஆளுடையதை மட்டும் பத்திரப்படுத்த முடியவில்லை. அந்த ஆற்றாமை, பக்கத்தில் நின்ற உன் மேல் விழுந்தது.

ஐஸ் என்ன செய்தது என்பதை அன்றைக்கே உனக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். செல் என்பது தண்ணீர் நிறைந்த சின்னப் பை மாதிரி. நம் பெட்டியில் இருக்கிற உப்பு ஐஸில் அது மெல்ல மெல்ல உறையும்போது உள்ளிருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகக் கட்டிப்படும். அந்த ஊசிகள் பையைக் குத்திக் கிழித்துவிடும். மீனுக்கும் அப்படித்தான் ஆகிறது, ஆனால் குழம்பில் அது தெரியாது. தின்பதற்கு வைப்பது வேறு, பார்ப்பதற்கு வைப்பது வேறு. உனக்குத் தெரிந்ததெல்லாம் தின்பதற்கு வைக்கிற முறை. அதில் உன்னை அடித்துக்கொள்ள இந்தக் கரையில் ஆள் இல்லை.

அந்தத் துணுக்கையும் நான் விட்டுவிடவில்லை. ஃபார்மலினில் போட்டு, மெழுகேற்றி, சீவி, சாயமேற்றி டாக்டரம்மாவிடம் வைத்தேன். ஓட்டை ஓட்டையாக, கறையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. டாக்டரம்மா திரும்பத் திரும்பப் பார்த்தார். "ஏதோ இருக்கும்மா. என்னன்னு இத வச்சு என்னால எழுத முடியாது. இன்னொன்னு எடுத்துடச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். உம் புள்ள பண்ணின வேலையால் மறுபடி கத்தி வைக்க வேண்டும் என்று சொன்னேன், அந்த வார்த்தைகளிலேயே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுபடி வெட்டிக்கொள்ள மாட்டேன் என்று வாரக்கணக்கில் பிடிவாதம் பிடித்தார். உன் மேல் கோபம் என்று நான் நினைத்தேன். நீயும் அவரும் அந்த நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே தட்டில் மீனை எடுத்துச் சாப்பிட்டீர்கள்.

கடைசியில் சம்மதித்தார். இரண்டாவது முறை பாட்டிலை நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த ஸ்லைடு எனக்குத் தெரிந்து நான் செய்ததிலேயே நல்ல ஸ்லைடு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அன்று அவர் சொன்னதை நீ கவனமாகப் படி, இதற்காகத்தான் இத்தனை விவரம் எழுதினேன். அந்த வியாதி கழுத்தில் பிறந்தது கிடையாது. வயிற்றில் பிறந்து, சத்தமில்லாமல் வளர்ந்து, அங்கிருந்து புறப்பட்டு வெகுதூரம் வந்த பிறகுதான் கழுத்தில் கட்டியாகத் தெரிந்தது. நீ பெட்டியைத் தோளில் தூக்கிய அன்றைக்கே அது உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. முதல் துணுக்கு நல்லபடியாக வந்திருந்தாலும் டாக்டர்கள் இதையேதான் சொல்லியிருப்பார்கள், இதே மருந்தைத்தான் கொடுத்திருப்பார்கள். அந்த வாரங்கள் கையில் இருந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக இருந்திருப்பாரா என்று நீ கேட்டால், தெரியாது என்பேன். உன்னிடம் பொய் சொல்லி உன்னை வரவழைக்க மாட்டேன். பிழைத்திருப்பாரா என்று கேட்டால், மாட்டார். இது எனக்குத் தெரியும்.

இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவிடாமல் உன் சித்தப்பா முந்திக்கொண்டான். கருமாதி முடிந்து இலை போடுகிற நேரம். அண்ணன் போன துக்கத்தில் இருந்தான், கொஞ்சம் குடித்துமிருந்தான். "பையன் அன்னிக்கி ஒழுங்கா எடுத்துனு போயிருந்தா எங்கண்ணன் இன்னிக்கி உக்காந்து சோறு துன்னுனு இருப்பாரு" என்றான். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீ அந்த இலைக்கு முன்னாலிருந்து எழுந்து, கை கழுவி, உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய். சாப்பிடவில்லை. நான் தெருமுனை வரை வந்தேன், நீ திரும்பிப் பார்க்கவில்லை. அன்று போனவன்தான்.

இப்போது போன வார விஷயத்துக்கு வருகிறேன். காலை ரயிலில் என் எதிரில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "யக்கா, நீ மீன் கடக்காரரு சம்சாரம்தான?" என்று கேட்டாள். பெயர் அஞ்சலை. அந்த நர்சிங் ஹோமில் அப்போது ஆயாவாக இருந்தவள். இப்போது வேலையை விட்டுவிட்டாள், மயிலாடுதுறையில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் உன்னைக் கேட்டாள். நானும் யாரோ தெரியாதவளிடம் கொட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். ஐஸ், பெட்டி, நீ ஊற்றியது, சித்தப்பா சொன்னது, நீ போனது. கேட்டுக்கொண்டே வந்தவள், "அவனா ஊத்துனான்? யாரு சொன்னது?" என்றாள். அவனேதான் சொன்னான் என்றேன்.

"இன்னாக்கா நீ! நா அங்கதான நின்னுனு இருந்தேன். பாட்டில நாந்தான் புள்ள கையில குடுத்தேன், தொறக்காத ராசான்னு சொல்லித்தான் குடுத்தேன். ஒங்க வூட்டுக்காரரு கட்டில்லேந்து எழுந்து உக்காந்துட்டாரு. இன்னா நாத்தம் இது, அந்த மருந்தாடான்னு கேட்டாரு. ஆமாம்ப்பான்னான். இத தூக்கினு நீ பஸ்ல போனா பாக்கறவன் இன்னா சொல்லுவான், மீன்காரன் புள்ள கையில பார்மலினு பாட்டிலுன்னு ஊரே சிரிக்கும், கீழ ஊத்துடா, கடையிலேந்து நம்ம பொட்டிய எடுத்தாந்து ஐஸு போட்டு எடுத்துனு போன்னாரு. புள்ள எவ்ளோ கெஞ்சுச்சி தெரியுமா? அம்மாவ ஒரு வார்த்த கேட்டுடறேம்பா, ஒரே ஒரு போனுன்னான். போன புடுங்கி தலகாணிக்கு கீழ வெச்சிக்கினாரு. அவளுக்கு ஆஸ்பத்திரி தெரியும், கெடாம வெக்கிறது எனக்குத் தெரியும்ன்னாரு. அவன் அழுதுனேதான் ஊத்துனான்க்கா. நாம்போயி சிஸ்டர் கிட்ட சொல்றேன்னேன். நீ ஒண்ணும் பாக்கல, போம்மான்னு என்ன தொரத்திட்டாரு. வேலக்கி எதுனா வந்துடப் போவுதுன்னு நானும் வாய மூடிக்கினேன்."

லேபில் நான் கத்தினபோது நீ இதைச் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவரை நீ காட்டிக்கொடுக்கவில்லை. அவர் போன பிறகும், பந்தலில் அத்தனை கண்ணும் உன் மேல் இருந்தபோதும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவரை அவர் தலைகுனியக் கூடாது என்று நினைத்திருப்பாய். போன பிறகு, பதில் சொல்ல முடியாதவர் மேல் எப்படிப் போடுவது என்று நினைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு மங்களூர் வரை போயிருக்கிறாயே, பைத்தியக்காரா.

உன் அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது. படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளையை இப்படி நிறுத்திவிட்டுப் போனீரே என்று சண்டை போட்டேன். நன்றாக அழுதேன். பிறகு வார்டில் அவர் படுத்திருந்த ஒரு நாள் ஞாபகம் வந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "அந்த ஐஸு விஷயம்..." என்று ஆரம்பித்தார். "அதை விடுங்க, முடிஞ்சுபோன கதை" என்று வாயில் அடுத்த கரண்டியை வைத்துவிட்டேன். அவர் விழுங்கிவிட்டு என்னையே பார்த்தார். மறுபடி ஆரம்பிக்கவில்லை. சொல்ல வந்தார், தம்பி. வந்ததை நான் கேட்கவில்லை. அதனால் அவருக்காக இப்போது நான் சொல்கிறேன். இதனால் அவர் பெயர் கெடும் என்று நீ பயப்படுவாய். கெடாது. தன் கடையில் ஒரு சொட்டு விஷம் இல்லை என்று கையை வெட்டிக்கொள்ளத் துணிந்த மனுஷர், தன் சதையை மட்டும் அதில் எப்படி ஊறவிடுவார்? தெரியாமல் செய்தார். ஐஸை நம்பிச் செய்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் தெரியாத இடத்திலும் கெட்டிக்காரராக இருக்கப் பார்த்தார். அதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேனே என்று கெஞ்சினால், போனை அவன் கையில் கொடு.

இதை எழுதியதும் முதலில் உன் சித்தப்பாவுக்குத்தான் படித்துக் காட்டினேன். காலையில் வரச்சொல்லி, குடிக்காமல் வரச்சொல்லி, எதிரில் உட்காரவைத்துப் படித்தேன். பந்தலில் தான் பேசிய இடம் வந்ததும் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அண்ணி, இத ஊரு பாக்கவே போடு. என் பேச்சு வந்த எடத்த எடுத்துடாத" என்றான். உன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான். அவன் கூப்பிட்டால் எடு. என் போனை எடுக்காவிட்டாலும் அவன் போனை எடு, பாவம்.

அஞ்சலை இன்னும் ஒன்று சொன்னாள். அதை அவனுக்குப் படித்துக் காட்டவில்லை, உனக்கென்று வைத்திருந்தேன். ரயில் சிதம்பரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இதையும் கேட்டுட்டுப் போக்கா. புள்ள பொட்டிய தோள்ல வெச்சினு படி எறங்கிப் போறான். கழுத்துல கட்டோட இவரு எழுந்து ஜன்னலாண்ட வந்து நின்னுட்டாரு. படுங்கன்னேன், கேக்கல. அவன் வாசக் கேட்டத் தாண்டி ரோட்டுல ஓடற வரைக்கும் பாத்துனே இருந்தாரு. அப்பறம் எங்கிட்ட சொன்னாரு. 'எம் புள்ள எடுத்துனு போனான்னா எதுவும் கெடாதும்மா.'"

சிதம்பரம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை, தம்பி. மறுபடி உட்கார்ந்து, மயிலாடுதுறை வரைக்கும் அவள் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே போனேன். நீ வீட்டுக்கு வா.